செயலி சொல்லிடும், திரும்பி வந்து பார்ப்பது யார்?

1960களின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர். அரசாங்க ஏட்டில் அதன் பெயர் ஆடுதுறை 27. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம்ம ஊர் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து உருவாக்கியது. சுமார் 105 நாளில் அறுப்புக்கு வந்துவிடும் என்பதால் குறுவைக்குத் தோதாக இருந்தது. திருச்சி வானொலி இந்த ரகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியது. விவசாயிகளும் ரேடியோவில் சொன்ன நெல் என்பதால் ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால், நல்ல தகவலை நல்ல ஊடகத்தில் சொன்னால் போதும், விவசாயி மாறிவிடுவார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அன்றைக்கு ரேடியோ, இன்றைக்கு ஸ்மார்ட்போன், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. அந்த ரேடியோவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1960-61ல் நாடு முழுக்க ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு ஒரு தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கினார்கள். 'பேக்கேஜ் திட்டம்' என்று சொல்வார்கள். அந்த ஏழில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஆலோசனை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. ரேடியோவில் கேட்டவருக்கு அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது, விதை எங்கே வாங்குவது, பணத்துக்கு என்ன வழி என்ற கேள்விகளுக்கு ஊர்ப் பக்கத்திலேயே பதில் இருந்தது. ரேடியோ வாய். கையும் காலும் வேறு இடத்தில் இருந்தன.

வேளாண் விரிவாக்கம் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். இந்தக் குறிப்புகளில் மறுபடி மறுபடி தட்டுப்பட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தகவல் வயல்வரை போய்ச் சேர்வது ஒரு வேலை. வயலில் ஒன்று மாறுவது வேறு வேலை. டிஜிட்டல் கருவிகள் முதல் வேலையை மலிவாக்கிவிட்டன. இரண்டாவது வேலை அப்படியே கிடக்கிறது. முதலாவது மலிவாகிவிட்டது என்பதையே காரணமாக வைத்து இரண்டாவதற்கு ஆள் வேண்டாம் என்ற முடிவுக்கு நாம் போய்க்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் என் கவலை.

விரிவாக்கம் என்றால் என்ன?

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்ததை வயலுக்குக் கொண்டுபோவது, வயலில் இருக்கும் பிரச்சினையை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவருவது. இந்த இருவழிப் போக்குவரத்துக்குத்தான் விரிவாக்கம் என்று பெயர். நம்ம ஊரில் இதன் முகம் உதவி வேளாண்மை அலுவலர். வட்டார அளவில் இருக்கும் அலுவலகத்தின் பெயரே 'வேளாண்மை விரிவாக்க மையம்'.

1970களில் உலக வங்கி இதற்கு ஒரு கட்டான முறையை முன்வைத்தது. டேனியல் பெனோர் என்ற இஸ்ரேலிய நிபுணர் வடிவமைத்தது. தமிழில் 'பயிற்சி மற்றும் பார்வையிடல்' என்றார்கள். களப்பணியாளருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி. பிறகு அவர் குறித்த கிழமையில் குறித்த ஊருக்குப் போய், 'தொடர்பு விவசாயிகள்' என்று தேர்ந்தெடுத்த சிலரைச் சந்திப்பார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் 1980களின் தொடக்கத்திலிருந்து இது நடந்தது.

இதன் குறைகள் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தொடர்பு விவசாயி மற்றவர்களுக்குச் சொல்வார் என்பது பல இடங்களில் நடக்கவில்லை. மேலிருந்து வந்த ஒரே செய்தி எல்லா வயலுக்கும் பொருந்தவில்லை. சம்பளச் செலவு தாங்காது என்று 1990களில் உலக வங்கியே பின்வாங்கியது. எல்லாம் சரி. ஆனால் அந்த முறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. வியாழக்கிழமை வருவேன் என்று சொன்னவர் அடுத்த முறையும் வியாழக்கிழமை வர வேண்டியிருந்தது. தான் சொன்னது பலித்ததா, பாழாய்ப்போனதா என்று அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். சொன்னது தப்பு என்றால் வரப்பில் நின்று பதிலும் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு உதவி வேளாண்மை அலுவலரின் வேலை என்ன? மானியப் பட்டியல், பயனாளி பதிவு, காப்பீட்டுக்கான பயிர் அறுவடைப் பரிசோதனை, விதை விற்பனைக் கணக்கு, போட்டோ எடுத்துப் பதிவேற்றம். ஒருவர் தலையில் பல கிராமங்கள். வயலில் இறங்கிப் பயிர் பார்க்க நேரம் கிடைப்பது அபூர்வம்.

அப்போ விவசாயி யாரிடம் கேட்கிறார்?

தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2003ல் நாடு முழுவதும் விவசாயிகளிடம் இதைக் கேட்டது. நவீனத் தொழில்நுட்பம் பற்றி ஏதாவது ஒரு வழியில் தகவல் பெற்றதாகச் சொன்னவர்கள் சுமார் 40 சதவீதம்தான். வழிகளைப் பிரித்துப் பார்த்தால், முன்னோடி விவசாயிகளிடம் கேட்டவர்கள் சுமார் 17 சதவீதம். இடுபொருள் கடைக்காரரிடம் 13 சதவீதம். ரேடியோவும் 13 சதவீதம். அரசு விரிவாக்கப் பணியாளர் 6 சதவீதத்துக்கும் கீழே.

அதாவது உரக்கடை அண்ணாச்சி அரசு அலுவலரைவிட இரண்டு மடங்கு பெரிய விரிவாக்க அலுவலர். இதை அரசே ஒரு வகையில் ஒத்துக்கொண்டது. அதே 2003ல் ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே ஒரு வருட டிப்ளமோ படிப்பைத் தொடங்கியது.

கடைக்காரரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவரிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடை காலையில் திறந்திருக்கும். கையில் பறித்து வந்த இலையைக் காட்டினால் பார்ப்பார். மருந்து அங்கேயே இருக்கும். பணம் இல்லை என்றால் அறுப்புக்கு அப்புறம் கொடு என்பார். ஆலோசனை, பொருள், கடன் மூன்றும் ஒரே கல்லாப்பெட்டியில். தஞ்சாவூர் பேக்கேஜ் திட்டம் செய்ததைத்தான் அவர் சின்ன அளவில் செய்கிறார். ஒரே வித்தியாசம், மருந்து விற்றால்தான் அவருக்கு வருமானம். 'இதுக்கு ஒண்ணும் அடிக்க வேணாம், விடுங்க' என்று சொல்வதற்கு அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

ஒரு புழுவை வைத்துப் பார்ப்போம்

2018ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது. மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில் முதலில் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாரிடம் கேட்டாலும் அந்த வருடத்தைச் சொல்வார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் போன் செயலி உண்மையிலேயே கைகொடுக்கக்கூடியது. இலையைப் படம் எடுத்தால் என்ன பூச்சி என்று சொல்லும். சரி, சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எமாமெக்டின் பென்சோயேட் மருந்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் என்று பரிந்துரையும் வந்துவிட்டது. இனிமேல்தான் கதையே.

முதலாவது, நேரம். புழு சின்னதாக இருக்கும்போது அடித்தால்தான் பலன். வளர்ந்த பிறகு குருத்துக்குள் போய்த் தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொள்ளும். மருந்து உள்ளே போகாது. படம் எடுக்கும் அளவுக்குச் சேதம் கண்ணில் படும்போது பல நேரம் தாமதமாகியிருக்கும்.

இரண்டாவது, அளவு. செயலி கிராமில் பேசும். வயலில் கணக்கு டேங்கிலும் மூடியிலும் ஓடுகிறது. 'ஒரு டேங்குக்கு எத்தனை மூடி?' என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, முறை. குருத்துக்குள் படும்படி அடிக்க வேண்டும். கூலிக்கு வந்தவர் மேலாக்க அடித்துக்கொண்டு போனால் சரியான மருந்தும் வீண்தான்.

நான்காவது, கடை. அந்த மருந்து கடையில் இல்லை. 'அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, கூட இந்த டானிக்கையும் சேத்து அடிங்க' என்று வருகிறது பதில். வேறு கடைக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன பூவின் கடன் இந்தக் கடையில் பாக்கி இருக்கிறது. எங்கே போவது?

செயலி தந்த பதிலில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. ஆனாலும் இந்த நாலு இடத்திலும் அது செல்லாக்காசாகிவிடலாம். விவசாயி போனில் தேடுவது 'என்ன செய்யணும்?' என்பதற்கு மட்டும் பதில் அல்ல. 'என் வயல்ல, என் கையில இருக்கிற காசுக்கு, இன்னைக்கு இதைச் செய்யலாமா? போச்சுன்னா என்ன ஆகும்?' என்பதற்குப் பதில்.

மூன்று ஆய்வுகள்

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிராவில் விலை, வானிலை, பயிர் ஆலோசனை எல்லாவற்றையும் குறுஞ்செய்தியாக அனுப்பும் கட்டணச் சேவை ஒன்று 2007 முதல் இயங்கியது. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் சேவை அது. மார்செல் ஃபாஷாம், பார்ட் மின்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 100 கிராமங்களில் சோதித்தார்கள். ஒரு பகுதி விவசாயிகளுக்கு ஒரு வருடச் சந்தாவை இலவசமாகக் கொடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 2012ல் முடிவு வெளியானது. விவசாயிக்குக் கிடைத்த விலையில் சராசரியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சாகுபடி முறையிலும் இல்லை. விலை தெரிந்தால் மட்டும் போதுமா? நல்ல விலை இருக்கும் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும், காத்திருக்கத் தெம்பு வேண்டும், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் தீர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கர்நாடகா. 2006ல் பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' என்ற முயற்சி. உள்ளூர் விவசாயிகளையே நடிக்க வைத்து, அவர்கள் வயலிலேயே குறும்படம் எடுத்து, மாலையில் ஊரில் போட்டுக் காட்டுவது. 16 கிராமங்களில் 13 மாதம் சோதித்தார்கள். வழக்கமான விரிவாக்க முறையோடு ஒப்பிட்டால் சில சாகுபடி முறைகளைக் கடைப்பிடித்தவர்கள் ஏழு மடங்கு. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் படம் ஓடும்போது ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, யார் செய்துபார்க்கிறேன் என்றார்கள் என்று எழுதி வைத்து, பிறகு போய் விசாரித்தார் என்பதை விட்டுவிடுவார்கள். இன்னொரு சுவையான விஷயம்: படத்தைப் பார்த்ததும் மக்கள் முதலில் கேட்டது, 'அந்த விவசாயி பேரென்ன? எந்த ஊரு?' என்பதுதானாம்.

மூன்றாவது, குஜராத். எழுத்தே இல்லாமல் குரலால் மட்டும் இயங்கும் 'ஆவாஜ் ஒட்டலோ' என்ற தொலைபேசிச் சேவை. பெயருக்குக் குரல் திண்ணை என்று பொருள் சொல்லலாம். சாதாரண போனில் கேள்வியைப் பதிவு செய்தால் வேளாண் வல்லுநர் பதில் சொல்வார். மற்றவர் கேட்ட கேள்வியையும் பதிலையும்கூடக் கேட்கலாம். ஷான் கோல், நிலேஷ் பெர்னாண்டோ இருவரும் சுமார் 1,200 விவசாயிகளிடம் ஆராய்ந்ததில், சேவை கிடைத்தவர்கள் வழக்கமான ஆலோசனை வழிகளை நாடுவது குறைந்தது. பரிந்துரைத்த இடுபொருட்களுக்கு மாறினார்கள். ஆக, டிஜிட்டல் என்றாலே தோல்வி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தரப்புச் செய்தியாக வந்தது நகரவில்லை. கேள்வி கேட்க வழியும், பதிலுக்குப் பொறுப்பேற்க ஆளும் இருந்தது நகர்ந்தது.

இதில் நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு முன்னோடி உண்டு. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரர்களே, அதிலும் பெண்கள் அதிகமாக, மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இணையம் கடைசியில் ஒரு குழாய் ஸ்பீக்கரும் தெரிந்த ஒரு குரலுமாக மாறியதால்தான் அது மீனவருக்குப் பயன்பட்டது.

யாரும் சொல்லாமலே பரவியது

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் பெட்டியில் ஒரு சிம் கார்டைப் போட்டுவிட்டால் வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்பு நடமாட்டத்தில் கிணற்றுக்கு நடக்க வேண்டாம். இதற்கு யாரும் மண்டபத்தில் கூட்டிவைத்து விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி மோட்டார் போடுவதைப் பார்த்தாலே போதும்.

எவரெட் ரோஜர்ஸ் 1962ல் எழுதிய புத்தகத்தில் ஒரு புதுமை பரவ ஐந்து குணம் வேண்டும் என்றார். இப்போதிருப்பதைவிட லாபம் தெரிய வேண்டும், நம் வழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், சிக்கல் குறைவாக இருக்க வேண்டும், சின்ன அளவில் செய்துபார்க்க முடிய வேண்டும், பலன் அடுத்தவர் கண்ணில் பட வேண்டும். மொபைல் ஸ்டார்ட்டர் ஐந்திலும் தேறும். ரிப்பேர் ஆனால் டவுன் எலக்ட்ரீசியன் பார்ப்பார். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுப் பழைய பட்டனை அமுக்கலாம்.

மண் பரிசோதனைப்படி உரத்தைக் குறைப்பது அப்படி இல்லை. பலன் ஒரு போகம் கழித்துத்தான் தெரியும். மழை கெடுத்ததா, உரம் குறைந்ததா என்று பிரிக்கவும் முடியாது. தப்பினால் வருஷ வருமானம் போச்சு. இந்த மாதிரி மாற்றத்துக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பலனுக்குக் கடைவீதி போதும். கண்ணுக்குத் தெரியாத பலனுக்குத்தான் விரிவாக்கப் பணியாளர்.

பதிவில் இல்லாதவர்கள்

இன்னொரு சங்கதி, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நடந்து வந்த அலுவலருக்கு வயலில் நிற்பவர்தான் விவசாயி. செயலிக்குப் பதிவில் இருப்பவர்தான் விவசாயி.

பதிவுக்குப் பட்டா, சிட்டா, ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். வாய்வார்த்தையில் குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு நிலம் தன் பெயரில் இல்லை. அடங்கலில் தன் பெயரை ஏற்றச் சொன்னால் நிலக்காரர் சம்மதிக்கத் தயங்குவார். பி.எம். கிசான் திட்டத்தின் வருடத்துக்கு 6,000 ரூபாய்கூட நிலம் சொந்தமாக உள்ள குடும்பங்களுக்குத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 சதவீதம். நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் பங்கு என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். களை எடுக்கும் கையில் இல்லாத போனுக்கு களை மேலாண்மைக் குறிப்பு வந்துகொண்டிருக்கிறது.

எதைக் கேட்பது?

தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி 2018 ஏப்ரலில் வந்தது. மானியம், விலை, வானிலை, விதை இருப்பு, உர இருப்பு, வாடகை இயந்திரம் எல்லாம் அதில் உண்டு. அதில் எனக்குப் பிடித்த பகுதி, உதவி வேளாண்மை அலுவலர் எந்த நாள் எந்த ஊருக்கு வருவார் என்று காட்டுவது. ஆளை நீக்காமல் ஆளைக் கண்டுபிடிக்க உதவுகிறது பாருங்கள், கருவியைப் பயன்படுத்த வேண்டிய விதம் அதுதான். 2004 முதல் இயங்கும் கிசான் அழைப்பு மையமும் (1800-180-1551) தமிழிலேயே பதில் சொல்கிறது, ஸ்மார்ட்போன் தேவையில்லை.

புதிதாக எந்த வேளாண் செயலியைப் பார்த்தாலும் நான் இப்போது நாலு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். சொன்ன பொருள் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்று அதற்குத் தெரியுமா? விவசாயி திருப்பிக் கேள்வி கேட்க முடியுமா? பட்டா இல்லாதவரும் உள்ளே வர முடியுமா? சொன்னது தப்பாகிப்போனால் யாரைத் தேடிப் போவது?

முதல் மூன்றுக்கும் தொழில்நுட்பத்தால் ஓரளவு வழி செய்யலாம். நாலாவதற்கு வட்டாரத்தில் ஒரு ஆள் சம்பளத்தோடு, வயலுக்கு வர நேரத்தோடு இருக்க வேண்டும். அவர் தலையில் இருக்கும் பதிவேற்ற வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் அவரை வயலுக்கு அனுப்பலாம். இப்போது பல இடங்களில் வேலை நடப்பது தலைகீழாக: இயந்திரம் விவசாயியோடு பேசுகிறது, அலுவலர் ஆபீஸில் உட்கார்ந்து டேட்டா ஏற்றிக்கொண்டிருக்கிறார்.